கிருமிக்கு உன் பெயரை வைக்கவில்லை, அண்ணா

மண்ணுக்குள் போன பிறகும் எனக்கு மூத்தவனாகவே இருக்கிற ஞானமுத்து அண்ணாவுக்கு,

நம் கிருமிக்குப் பெயர் வைத்தாயிற்று. ஆய்விதழில் அச்சாகி வந்துவிட்டது. எழுதியவர்கள் என்ற இடத்தில் என் பெயருக்கு முன்னால் உன் பெயர் இருக்கிறது. அதன் தலைமேல் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. இறந்துபோனவர்களுக்கு அப்படித்தான் போடுவார்களாம். அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கிருமிக்கு வைத்த பெயர் உன்னுடையது இல்லை, அண்ணா. உன் பெயரைத்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். பிறகு ஏன் விட்டேன் என்பதை வேறு யாரிடம் சொல்வதற்கு முன்னாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள். ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட அம்மாவுக்கும், ஏர் ஓட்டிய நைனாவுக்கும் பிறந்தவர்கள் நாம். அந்தத் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் நீ. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, ஊரைவிட்டுத் தூரமாகப் போகாமல் கும்மிடிப்பூண்டி மாட்டாஸ்பத்திரிக்கே டாக்டராக வந்தாய். உன் பின்னாலேயே படித்த நான் சென்னையில் கால்நடைகளின் நோய்க் கிருமிகளை ஆராயும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ ஆடு மாடுகளைத் தொட்டுப் பார்த்தாய். நான் அவற்றின் சீழையும் ரத்தத்தையும் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தேன்.

அறுபதுகளின் பின்பாதி அது. மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், பாசஞ்சர் வண்டியில் தொற்றிக்கொண்டு நீ எங்கள் கூடத்துக்கு வந்தாய். கையில் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க். பழவேற்காட்டு மீன் கூடைக்காரர்களிடம் கேட்டு வாங்கிய ஐஸ் அதில் பாதி. ஐஸுக்கு நடுவில் ஆட்டுக்குட்டியின் முட்டியிலிருந்து எடுத்த நீர், குப்பியில். அறை முழுக்க மீன் வாடை அடித்தது. என்னோடு வேலை செய்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். உனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

“லில்லி, இத்தப் பாரு. எல்லம்மா பட்டியில குட்டிங்களுக்கு முட்டி வீங்கிப் போவுது. நிக்க முடியாம வுழுந்து வுழுந்து சாவுது. எல்லம்மா அழுதுகினே கீது. இன்னா சீக்குன்னு எனக்குத் தெர்ல.”

“புஸ்தகத்துல பாத்தியாண்ணா?”

“பாத்தேன். எதுலயும் இது இல்ல.”

எல்லம்மா யாரென்று எனக்கும் தெரியும். ரயில்வே லைனுக்கு மேற்கே புறம்போக்கில் வெள்ளாடு மேய்த்த விதவை. அவளுக்குச் சொத்து அந்தப் பட்டிதான்.

முதலில் வைத்த தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. அப்புறம் மெழுகுவர்த்தி ஜாடியில் வைத்தேன். மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடி அது. உள்ளே தட்டுகளை அடுக்கி, மேலே ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திவைத்து இறுக மூடிவிடுவோம். கொஞ்ச நேரத்தில் சுடர் தானாக அணைந்துவிடும். நாம் வெளியே விடும் மூச்சைப் போன்ற காற்று உள்ளே தங்கும். சில கிருமிகளுக்கு அந்தக் காற்றுதான் பிடிக்கும்.

ஜாடியைத் திறந்தபோது தட்டின் மேல் பனி பெய்தது போல இருந்தது. அவ்வளவு சின்னச் சின்னப் புள்ளிகள். கம்பி வளையத்தால் ஒன்றைத் தொட்டேன். வேறு கிருமியாக இருந்தால் வெண்ணெய் போல வழித்துக்கொண்டு வரும். இது வரவில்லை. உடையாமல், கரையாமல், முழுப் புள்ளியாக அப்படியே தட்டின்மேல் நகர்ந்தது. அப்படி ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை. எங்கள் மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, “காற்றில் வந்த அழுக்காக இருக்கும், இன்னொரு முறை செய்து பார்” என்றார். இன்னொரு குட்டியிலிருந்து செய்தேன். அதே பனித்துளிகள். பிறகு அவரே பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

நான் உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். உனக்கு அதில் சந்தோஷம் பாதிதான்.

“பேரு கெடக்கட்டும். இன்னா மருந்துக்குச் சாவும்? அத்த மொதல்ல சொல்லு.”

மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டுகளைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் வட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் தெளிவான வளையம் விழுந்தது. அதைச் சொன்ன கையோடு நீ கிளம்பிவிட்டாய். அதற்கப்புறம் எல்லம்மாவின் பட்டியில் சில குட்டிகள் எழுந்து நின்றன. ஒன்று உன் பையிலிருந்த காகிதத்தை மென்றதாம். அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தாய்!

உன் வேலை அத்தோடு முடிந்தது. என் வேலை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு கிருமியைப் புதிய இனம் என்று சொல்ல வேண்டுமென்றால், அது வேறு எதுவும் இல்லை என்று முதலில் காட்ட வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு சர்க்கரை. எதைப் புளிக்கவைக்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது? யூரியாவை உடைக்கிறதா? நீந்துகிறதா, இருந்த இடத்திலேயே கிடக்கிறதா? அதன் சொந்தக்காரர்கள் என்று தோன்றிய கிருமிகளை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று சாடை ஒத்துப்போகும், குணம் ஒத்துப்போகாது. இன்னொன்று குணம் எல்லாம் ஒத்துவந்து கடைசிக் குழாயில் பிரிந்துபோகும்.

நீ அந்தக் குழாய் வரிசையைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தினி கேள்வி கேக்க மாட்டாங்க லில்லி.”

அந்தக் குடும்பத்துக் கிருமிகளை நன்றாக அறிந்த ஒரு வெளிநாட்டு அறிஞருக்கு எழுதினோம். புதிதாக இருக்கலாம், ஆனால் ஒரே பட்டியை வைத்துச் சொல்ல முடியாது, வேறு இடத்து ஆடுகளிலும் தேடிப் பாருங்கள் என்று அவர் பதில் போட்டார். அதனால்தான் நாம் எளாவூருக்குப் போனோம்.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கல்கத்தா ரோட்டோரமாக லாரிகள் வரிசையில் நின்றன. அவற்றுக்கு நடுவில் புகுந்து நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தைகள் வந்துகொண்டிருந்தன. நீ தெலுங்கில் பேசி ஒவ்வொரு மந்தையாக நிறுத்தினாய். நான் பஞ்சுக்குச்சியும் குப்பிகளுமாக உன் பின்னால் அலைந்தேன். வெயில் ஏறியபோது ஒரு மந்தைக்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். ஓர் ஆடு வேப்பமரத்தடியில் குட்டி போட முடியாமல் கிடந்தது.

நீ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டாய். குட்டி வந்தது. அசைவில்லை. நீ அதன் வாயில் விரலை விட்டு வழித்தாய், பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினாய். ஒன்றும் நடக்கவில்லை.

“டாக்டர்காரு, பதுகுதுந்தா?” என்று அந்த மனிதர் கேட்டார். பிழைக்குமா என்று.

குட்டியின் மூக்கையும் வாயையும் சேர்த்து உன் வாயில் வைத்து ஊதினாய். திரும்பத் திரும்ப ஊதினாய். கடைசியில் அது ஒரு தும்மல் தும்மியது. சுற்றி நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் கைதட்டினார்கள். நீ புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “ஒரு டீ சொல்லு லில்லி, நாஷ்டாகூட துண்ணல” என்றாய்.

அன்றைக்குத்தானா அது உனக்குள் போனது, அண்ணா? அந்த மூச்சிலேயா? ஆஸ்பத்திரி டாக்டரிடம் நான் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, அவர் தினமும்தானே ஆடுகளோடு இருந்தார் என்றார். இருந்தாலும் நான் அந்த வேப்பமரத்தடிக்கே போய்ப் போய் நிற்கிறேன். நிற்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

எளாவூரில் எடுத்த குப்பிகளிலும் அந்தப் பனித்துளிகள் முளைத்தன. புதிய இனம்தான் என்ற நிச்சயம் வந்தது. நான் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். அந்த நேரத்தில்தான் அண்ணி ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினார்.

“சாயங்காலமானா ஒடம்பு கொதிக்குது லில்லி. காலையில எயிந்து ஒன்னும் இல்லன்னுட்டு சைக்கிள எட்துக்கினு கெளம்பிடுறாரு. பேண்டு இடுப்புல நிக்கல. நீ வந்து சொல்லு, ஒம்பேச்சக் கேப்பாரு.”

மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். டைபாய்டு என்று வேறு மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் போய்ப் போய் வந்தது. கடைசியில் நான் உன்னைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டரின் முகம் மாறியது. சின்ன வயதில் காய்ச்சலில் முட்டிகள் வீங்கி நீ மாதக்கணக்கில் படுத்திருந்தாயே, அந்தக் காய்ச்சல் அப்போதே உன் இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அது நமக்குத் தெரியாது. கெட்டுப்போன வால்வில் ஏதோ ஒரு கிருமி உட்கார்ந்திருக்கிறது என்றார். எந்தக் கிருமி என்று அவர்கள் ரத்தம் எடுத்து வைத்த பாட்டில்களில் தெரியவில்லை. எல்லாம் தெளிவாகவே இருந்தன.

நான் டாக்டரிடம் கெஞ்சிக் கொஞ்சம் ரத்தம் வாங்கினேன். குழாயை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சூடு ஆறாமல், பஸ்ஸில் கூடத்துக்குப் போனேன். தட்டில் தேய்த்தேன். மெழுகுவர்த்தியைக் கொளுத்தினேன். அன்றைக்கு நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? வேறு எது வேண்டுமானாலும் வரட்டும், அது மட்டும் வேண்டாம் என்று.

பல நாள் தட்டு வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு காலையில் மூடியைத் திறந்தேன். பனி பெய்திருந்தது.

கம்பியால் தொட்டேன். உடையாமல், கரையாமல், முழுசாக நகர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உலகத்திலேயே அந்தக் கிருமியைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான். அது எனக்கு முன்னால், உன் ரத்தத்திலிருந்து முளைத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அண்ணி உனக்கு ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

“இன்னா லில்லி, மூஞ்சி அப்டிக் கீது?”

“தெரிஞ்சிபோச்சிண்ணா.”

“இன்னாது?”

“நம்மளுதுதான்.”

நீ கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போதும் நான் மன்னிக்கவில்லை. “அப்போ மன்சனுக்கும் வரும்னு எய்திக்கோ. இத்தவிட இன்னா ஆதாரம் வோணும் ஒங்கட்டுரைக்கு?” என்றாய். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் சோற்றுக் கவளம் அப்படியே இருந்தது.

மருந்து நமக்குத் தெரியும். பென்சிலினோடு ஸ்ட்ரெப்டோமைசினும் போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. இறங்கியே இருந்தது. நீ எழுந்து உட்கார்ந்தாய், மடவை மீன் குழம்பு வேண்டும் என்றாய். அம்மா ஆரம்பாக்கத்திலிருந்து ஆக்கிக்கொண்டு வந்தார். உன் மகள் ரோஸ்லின் கட்டில் கம்பியைப் பிடித்துத் தத்தித் தத்தி நடந்தாள். நாங்கள் எல்லோரும் நீ பிழைத்துவிட்டதாகவே நினைத்தோம். மருந்து கிருமியைக் கொன்றுவிட்டதுதான். ஆனால் அதற்குள் அது வால்வைத் தின்று முடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து அண்ணியும் நானும் நேராக உன்னிடம் வந்தோம். ரோஸ்லினைப் பேர் சொல்லிக் கூப்பிட நீ வாயைத் திறந்தாய். வார்த்தை குழறியது. வலதுகை தூக்கிய இடத்திலிருந்து விழுந்தது. வால்விலிருந்து ஒரு துணுக்குப் பிய்ந்து மூளைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய்.

ஆரம்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அத்தனை கூட்டம் அதற்கு முன்னால் கூடியதில்லை. எல்லம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “எம்பட்டியக் காப்பாத்திக் குட்த்துட்டு நீ போய்ட்டியே சாமி” என்று அவள் கத்தியது உனக்குக் கேட்டதா? குழியில் மண் தள்ளும்போது மண்வெட்டியை யாரிடமும் கொடுக்காமல் நைனாவே தள்ளினார்.

இனிமேல் நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது.

கூடத்துக்குத் திரும்பியபோது ஜாடியில் உன் தட்டு இருந்தது. கிருமியை உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்றால் வாரந்தோறும் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றினேன். அடுத்த வாரமும் மாற்றினேன். எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, மாற்றும்போது அதனிடம் பேச ஆரம்பித்திருந்தேன். “சாப்டியாண்ணா” என்பேன். ரோஸ்லினுக்குப் பல் விழுந்ததைச் சொன்னேன். நைனாவுக்குக் கண் மங்கியதைச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் காதில் விழாதது போல இருந்தார்கள். ஊருக்குப் போவது குறைந்துபோனது. கல்லறைக்குப் போவதே இல்லை. நீதான் இங்கே ஜாடிக்குள் இருக்கிறாயே!

சில வருடங்கள் கழித்துத்தான் கட்டுரையை முடித்தேன். கண்டுபிடித்தவர் பெயரையோ நினைவில் வைக்க வேண்டியவர் பெயரையோ எடுத்து, அதற்கு லத்தீன் வால் ஒட்டிக் கிருமிக்கு வைப்பது வழக்கம். ஞானமுத்து என்ற பெயருக்கு அந்த வாலை ஒட்டி எழுதிப் பார்த்தேன். விகாரமாகத்தான் இருந்தது. ஆனாலும் உலகம் உள்ளவரை அந்தப் பெயரை மாற்ற முடியாது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு ஓடினேன்.

அண்ணி அப்போது பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

“எந்தக் கிருமிக்கு?”

“நாங்க கண்டுபுடிச்சதுக்கு அண்ணி.”

“அவரக் கொன்னுச்சே, அதுக்கா?”

கையிலிருந்த காகிதத்தை நான் மடித்தேன்.

“அதுக்கு அவரு பேரா லில்லி? நாளைக்கு எங்கியோ ஒருத்தன் சாவான். இன்னா சீக்குல செத்தான்னு கேப்பாங்க. ஞானமுத்துன்னு சொல்லுவாங்களா? எம்பொண்ணு பெருசாயிப் புஸ்தகத்துல படிச்சிதுன்னா, எங்கப்பா பேரு சீக்கு பேருன்னு படிக்கணுமா?”

“மரியாதைக்கு வக்கிறது அண்ணி. பெரிய பெரிய ஆளுங்க பேரெல்லாம்…”

“பெரிய ஆளுங்களுக்கு வச்சிக்கட்டும். அவரு ஆட்டப் பொழைக்க வச்சவரு. சாவடிக்கிறதுக்கு அவரு பேரு வோணாம்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. படிப்பில்லாதவர், இவருக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். வாய் தவறி, “அது இன்னும் எங்கிட்ட உயிரோட இருக்கு அண்ணி. அண்ணன் ரத்தத்துல வந்தது” என்றேன்.

அண்ணியின் கை நின்றது. “உயிரோடயா?” என்றார். “எனக்கு அத்தப் பாக்கணும்.”

அடுத்த விடுமுறை நாளில் அண்ணி கூடத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் புடவை கட்டியிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். ஜாடியைத் திறந்து, தட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இம்மாந்துண்டா?” என்றார். “இதுவா அவரத் தூக்கிச்சி?”

நான் வழக்கம்போலப் புதுத் தட்டுக்கு மாற்ற ஆரம்பித்தேன். கை பழகிப்போயிருந்தது, வாயும் பழகிப்போயிருந்தது. “ரோஸ்லின் அம்மா வந்திருக்காங்கண்ணா” என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி என் தோளைத் தொட்டுத் திருப்பினார். அவர் கண்ணில் கோபம் இல்லை.

“லில்லி. அது அவரு இல்ல.”

நான் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அழுதேன். நீ போன நாளிலிருந்து அழாத அழுகை அது. அண்ணி என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அழுது முடித்ததும், “தூக்கி எரிச்சிடவா அண்ணி?” என்று கேட்டேன். நிஜமாகவே எரித்திருப்பேன்.

அவர் தட்டைத் திரும்பப் பார்த்தார். “எரிச்சிட்டா, வேற யாருக்காச்சும் வந்தா எப்டித் தெரியும்?” என்றார். “வச்சிக்க. ஆனா அவருன்னு நெனச்சி வச்சிக்காத.”

அதற்குப் பிறகுதான் பெயரை மாற்றினேன். லத்தீனில் ஆட்டுக்குட்டிக்கு ஒரு சின்னச் சொல் இருக்கிறது. அதை வைத்தேன். இனத்துக்கு அடையாளமாக உயிரோடு காப்பாற்ற வேண்டிய வித்தாக எல்லம்மாவின் குட்டியிலிருந்து எடுத்ததைக் கொடுத்தேன், உன்னிடமிருந்து எடுத்ததை அல்ல. உன்னுடையதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். மனிதருக்கும் வரும், மெழுகுவர்த்தி ஜாடியில் வைத்தால்தான் முளைக்கும், இந்த மருந்துக்குக் கேட்கும் என்று. நீ எழுதிக்கோ என்று சொன்னதைத்தான் எழுதினேன். அச்சாகும் முன்பே அந்தப் பத்தியைப் பிரதியெடுத்து நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

ஊர்ச் செய்தியும் கொஞ்சம் கேள். எல்லம்மா மேய்த்த புறம்போக்கில் இப்போது காம்பவுண்டு சுவர் எழும்பியிருக்கிறது. தொழிற்பேட்டை வந்துவிட்டது. எல்லம்மா ஆடுகளை விற்றுவிட்டாள். அவள் மகன் ரோலிங் மில்லில் ஷிப்டு பார்க்கிறான். “ஆடுன்னா பேஜாருக்கா, மில்லுன்னா சங்கு ஊதுனா ஊட்டுக்கு வந்துடலாம்” என்கிறான். நைனா போன வருடம் உன் பக்கத்துக்கே வந்துவிட்டார், உனக்குத் தெரிந்திருக்கும். ரோஸ்லின் உன்னைப் போலவே நடக்கிறாள், தலையைக் குனிந்துகொண்டு, வேக வேகமாக.

இன்னொரு செய்தி. சில மாதங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ரத்தம் வந்தது. எளாவூர்ப் பக்கத்து ஆட்டு வியாபாரி ஒருவருக்கு வாரக்கணக்கில் காய்ச்சல். நான் அனுப்பிய பத்தியைப் படித்திருந்த ஒரு டாக்டர், ஆடு என்றதும் சந்தேகப்பட்டு என்னிடம் அனுப்பியிருந்தார். ஜாடியில் வைத்தேன். பனி பெய்தது. அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். வால்வு அவ்வளவாகக் கெடவில்லை. மனிதர் பிழைத்துக்கொண்டார்.

உடம்பு தேறியதும் அவர் வாழைப்பழச் சீப்போடு என்னைப் பார்க்க வந்தார். அவர் மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பொறாமைதான் வந்தது. ஏன் இவர், ஏன் நீ இல்லை? அவர் போன பிறகு அந்தப் பழத்தைத் தொட முடியவில்லை.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அவர், “இன்னும் ஆடுதான் வாங்கி விக்கிறாரா?” என்றார்.

“ஆமா அண்ணி.”

“கையக் கயுவச் சொன்னியா? குட்டி வாயில வாய வச்சி ஊதக் கூடாதுன்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

“அப்போ சரி” என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார். எளாவூரில் நடந்ததை நான் அவரிடம் சொன்னதே இல்லை, அண்ணா. நீ சொல்லியிருக்கிறாய். பெருமையாகச் சொல்லியிருப்பாய். அவர் இத்தனை வருடமும் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இன்று இதழ் வந்ததும் ஜாடியைத் திறந்து சொல்லத்தான் முதலில் எழுந்தேன். பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, காகிதத்தை எடுத்தேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கிருமியை நான் சாகவிட மாட்டேன். என் கைக்குப் பிறகு இன்னொரு கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். ஆனால் அதில் உன்னைத் தேட மாட்டேன். உன்னிடம் பேச வேண்டுமென்றால் ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறுவேன். இந்த ஞாயிறே வருகிறேன். அண்ணி வருகிறார், ரோஸ்லினும் வருகிறாள். நைனாவை அடக்கம் செய்த அன்றைக்குத் தவிர இத்தனை நாள் வராததற்கு உனக்குக் கோபம் இருக்கும். வந்து உட்கார்ந்துகொள்கிறேன், திட்டு.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் பிறந்து, உன்னைவிட மூத்தவளாகிவிட்ட உன் தங்கச்சி
லில்லி